கேமராவிடம் இரவல் வாங்கிய வெளிச்சம்

செல்போன் பழுது பார்க்கும் அக்காவிடம் தினம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்கள்: "டார்ச்சு ஆப்புக்கு எதுக்குக்கா கேமரா அனுமதி? நம்மள வேவு பாக்கவா?"

அக்காவும் சலிக்காமல் சொல்வாள். "அந்த ஃபிளாஷ் கேமராவோட சொத்து. டார்ச்சு அதை இரவல் வாங்கித்தான் எரியுது. கேமராவைத் திறந்தா, குடுத்தவன் திருப்பிக் கேட்டுட்டான்னு விளக்கு அணைஞ்சிடும். ரிப்பேர்னு தூக்கிட்டு வராதீங்க." தூக்கத்தில்கூட அதையே உளறுகிறாள் என்று புருஷன் கேலி செய்வான். அவன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன்.

அந்தப் புருஷனோடுதான் கொஞ்ச நாளாகப் பேச்சில்லை. அவனுக்குத் தூரத்து ஊருக்கு மாற்றலாகிப் போக ஆசை. கடையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள் இவள். வார்த்தை தடித்து, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் விடுதிக்குப் போய்விட்டான். வீம்புக்கு வீம்பு, யார் முதலில் இறங்கி வருவது? கடைசியில் அவனே செய்தி அனுப்பினான்: "நாளைக்குக் காலைல நம்ம வீட்டுப் பின்னாடிதான் வண்டி. மாடியில விளக்கு எரிஞ்சா வீட்டுக்கு வந்துடறேன். இல்லன்னா மாற்றலுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

விடிந்தபோது ஒரே பனிமூட்டம். போர்வையும் செல்போனுமாக மாடிக்குப் போனவள் டார்ச்சைப் போட்டு உயர்த்திப் பிடித்தாள். தண்டவாளம், மரம், எதிர்வீடு எல்லாம் பாலில் கரைந்துவிட்டது போலிருந்தது. அந்த வெள்ளைக்குள் மஞ்சளாக ஒரு வட்டம் பூத்து, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் அவன் இருக்கிறான். இந்த அழகை விட்டுவிடக் கூடாதே என்று, கனவில் நடக்கிறவள்போல, கட்டைவிரலால் கேமராவைத் தொட்டாள்.

விளக்கு அணைந்தது.

ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன பாவி! பதறியதில் ஒரு படம் பதிவானதுதான் மிச்சம். டார்ச்சை மறுபடி போடுவதற்குள் எஞ்சின் தாண்டிவிட்டது. பெட்டிகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. கூப்பிட்டும் பலனில்லை, வண்டி ஓட்டும்போது அவன் போனை அணைத்துவிடுவான். அன்று அவள் கடை திறக்கவில்லை.

மத்தியானம் வாசலில் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"விளக்கு அணைஞ்சுதே, பாக்கலையா?" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

"பாத்தேன். எரிஞ்சப்போகூட, ஏதோ கடனேன்னு காட்டுறியோன்னு இருந்துச்சு. அணைஞ்சப்புறம்தான் மனசு நிறைஞ்சுது." செருப்பைக் கழற்றினான். "டார்ச்சு நடுவுல அணைஞ்சா நீ கேமராவைத் திறந்திருக்கன்னு அர்த்தம். நீதான தூக்கத்துலயும் சொல்லுவ? கோவமா இருக்கறவ என் வண்டியைப் போட்டோ எடுப்பாளா? எங்க, காட்டு."

படத்தில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.