ஒரு டெராபைட் என்று சொன்னேன்

திருப்பதியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நகரியிலிருந்து காலை ரயிலில் போவேன். அதே ரயிலில் புத்தூரில் ஏறும் ஒரு பெண் எங்கள் நிலையத்தில் மாமர நோயைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தன் அப்பாவின் தோட்டத்து மரங்களை வாரந்தோறும் படம்பிடித்து எங்கள் சேமிப்பில் ஏற்றுவாள்.

"எனக்கு எவ்ளோ எடம்ணா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"ஒரு டெராபைட்" என்றேன்.

ஒரு கணினி செத்தாலும் கோப்பு பிழைக்க வேண்டும் என்று எங்கள் சேமிப்பு ஒவ்வொரு படத்தையும் மூன்று கணினிகளில் வைக்கும். ஒருவருக்குத் தந்த இட ஒதுக்கீட்டில் அந்த மூன்று பிரதிகளையும் சேர்த்தே கழிக்கும். ஆக, அவளுக்குக் கிடைத்தது நான் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான். எனக்குப் பழகிப்போன கணக்கு, சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு மதியம் போன் செய்தாள்.

"எடம் ரொம்பிடுச்சுன்னு வருதுண்ணா. பழசு கொஞ்சம் அழிச்சேன். அப்பவும் அதேதான் வந்துகினு இருக்குது."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அழிச்சது ட்ராஷ்ல கிடக்கும்மா. அதுவும் கணக்குல சேரும். அதையும் காலி பண்ணிடு" என்றேன். எதை அழித்தாள் என்று கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மொத வருசத்துப் படம் திரும்ப கெடைக்குமாண்ணா? அப்போ மரம் நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குன்னு அழிச்சிட்டேன். நோவு வர்றதுக்கு முன்னாடி எல எப்படி இருந்துச்சுன்னு கைடு கேக்குறாரு. மரத்தயெல்லாம் நைனா வெட்டிட்டாரு."

அவள் கணக்கைத் திறந்தேன். மூன்று பிரதிகளும் ஒன்றாகவே போயிருந்தன. ஒதுக்கீட்டை உயர்த்த ஒரே ஒரு கட்டளை போதும். காலி இடம் நிறையவே இருந்தது. அவள் எதையும் அழித்திருக்கவே வேண்டாம்.

"கிடைக்காதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

மீதியைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ரயிலில், ரேணிகுண்டா தாண்டியதும் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத அழிச்சன்னு அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணா" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பாகாலா பக்கம் வேறொரு தோட்டத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பட்டம் வாங்க ஒரு வருடம் கூடுதலாக ஆனது. வாங்கிய அன்று எல்லா மேசைக்கும் இனிப்பு கொண்டுவந்தாள். எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.