வழக்குச் சொத்தான செவலைப் பசு

கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் பண்ணைக்காட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு பசுமாட்டின் பொருட்டு. ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. மத்திய அரசு ஊழியர்கள் மீதான லஞ்சப் புகார்களைக் கண்காணித்து வழக்குத் தொடுக்கும் அலுவலகத்தில், மதுரைக் கிளையில், அரசு வழக்கறிஞராக இருந்தேன்.

அப்போதெல்லாம் காப்பித் தோட்டக்காரர்கள் கொட்டையைத் தங்கள் இஷ்டத்துக்கு விற்க முடியாது. மத்திய அரசின் அதிகாரி ஒருவர் வந்து பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் மூட்டைகள் மலையிறங்கும். பண்ணைக்காட்டுப் பக்கம் இருந்த அதிகாரி சீட்டுக் கொடுக்காமல் இழுத்தடிப்பார். மழை வந்துவிடுமே என்று தோட்டக்காரர்கள் தவிப்பார்கள். ஒருவர் மிளகு கொண்டுபோய்க் கொடுப்பார், இன்னொருவர் வாழைத்தார். ஒரு சிறிய தோட்டக்காரரிடம் மட்டும், “உங்க செவலை நல்லாக் கறக்குதாமே” என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. மறுநாள் அந்தத் தோட்டக்காரர் பசுவைப் பிடித்துக்கொண்டு போய் அதிகாரியின் வாசலில் கட்டிவிட்டு வந்தார். பிறகு அதிகாரிக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல் வந்தது. பசுவும் லாரியில் ஏறி, அதை ஒட்டிய செண்பகனூரில் அவர் எடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

புகார் கொடுத்தது தோட்டக்காரரின் மனைவி. முப்பது வயது இருக்கலாம். நான் போனபோது முற்றத்தில் காப்பிப் பழத்தைக் காலால் தள்ளிக் காய வைத்துக்கொண்டிருந்தார். கணவர் எனக்கு முக்காலியைப் போட்டுவிட்டுத் தள்ளியே நின்றார்.

“கோர்ட்டுச் சோலியெல்லாம் நமக்கு எதுக்குன்னு சொன்னேங்க. கேக்க மாட்டேங்குறா” என்றார்.

அந்தப் பெண் அதைக் காதில் வாங்கவில்லை. “நடந்தத நான் சொல்லிட்டா மாடு திரும்பி வந்துருங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“வந்துரும்மா” என்றேன்.

பொய் இல்லை. ஆனால் எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் விசாரணை அலுவலர் செண்பகனூரில் பசுவைக் கைப்பற்றினார். அன்றிலிருந்து அது வழக்குச் சொத்து. துப்பாக்கியையோ நகையையோ போல அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. அதனால் அதே ஊரில் ஒரு பால்காரரிடம், தீவனச் செலவுக்கு அரசாங்கம் பொறுப்பேற்று, ஒப்படைத்தோம்.

சில வாரங்களில் அந்தப் பெண் மதுரை நீதிமன்றத்தில் மனுப் போட்டார். வழக்கு முடியும்வரை பசு தன் வீட்டிலேயே இருக்கட்டும், கூப்பிடும்போது கொண்டுவந்து காட்டுகிறேன் என்பது மனு. சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. நான் ஆட்சேபிக்காமல் இருந்தால் போதும், நீதிபதி கையெழுத்துப் போட்டிருப்பார்.

நான் ஆட்சேபித்தேன். பசு திரும்பிப் போனால், அது கைமாறவே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும் என்றேன். நீதிபதி ஒப்புக்கொண்டு மனுவைத் தள்ளினார்.

உண்மைக் காரணம் வேறு. அதற்குள் மிளகு கொடுத்தவரும் வாழைத்தார் கொடுத்தவரும் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கணவரை ஊரார் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பசு கைக்கு வந்துவிட்டால் இவர்களும் சாட்சிக்கு வராமல் போய்விடுவார்கள் என்று பயந்தேன். பசு எங்களிடம் இருக்கும்வரை அந்தப் பெண் வருவார். கூண்டில் ஏறி உண்மையைச் சொல்லத் துணிந்த ஒரே ஆளைத்தான் நான் அப்படி நம்பாமல் இருந்தேன்.

ஐப்பசி மழையில் வழக்கு விசாரணைக்கு வந்தது. பண்ணைக்காட்டின் வெதுவெதுப்பில் வளர்ந்த மாட்டுக்குச் செண்பகனூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பால்காரரின் கொட்டகை ஒரு பக்கம் திறந்தே கிடந்ததாம். சாட்சி விசாரணைக்கு முன்தினம் விசாரணை அலுவலர் என் அறைக்கு வந்து, பசு நெஞ்சுச்சளி கண்டு செத்துவிட்டதாகத் தந்தி வந்திருக்கிறது என்றார்.

“அந்த அம்மாகிட்டச் சொல்லிறலாமா சார்?”

“சாட்சி முடியட்டும்” என்றேன்.

அவர் தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தப் பெண் கூண்டில் நின்று பயமில்லாமல் பேசினார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், “மாடு கிடைக்கும் என்பதற்காகத்தானே இப்படிப் பொய் சொல்கிறாய்?” என்றார்.

“அது எங்க மாடுங்க. எங்க மாட்டுக்கு நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

நீதிபதி தலை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு பதிலில் வழக்கு எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. மேஜையில் இருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வராந்தாவில் கணவனும் மனைவியும் புறப்படத் தயாராக நின்றார்கள். “வெரசாப் போனா கொடைக்கானல் பஸ்ஸப் புடிச்சிறலாங்க. செவலையப் பாத்துட்டுப் போகலாம்னு இருக்கோம்” என்றார் அந்தப் பெண்.

பசு செத்துவிட்டதைச் சொன்னேன். எப்போது செத்தது என்று அவர் கேட்டார். அதையும் சொன்னேன். கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் என் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாட்டக் குடுத்துட்டா நான் வரமாட்டேன்னு நெனச்சீங்களா?”

ஆமென்று தலையாட்டினேன்.

“என்னையக் கேட்டிருக்கலாம்லங்க. மாடு வந்தாலும் வாரேன்னு சொல்லியிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கணவரைக் கைகொடுத்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது. அவர் மேல்முறையீடு செய்தார். தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், விடுமுறை எடுத்துக்கொண்டு மறுபடி பண்ணைக்காட்டுக்குப் போனேன். வத்தலக்குண்டுச் சந்தையில் ஒரு பசுவுக்கு விலை பேசி வைத்திருந்தேன்.

காப்பிப் பழம் பறிக்கும் காலம். அந்தப் பெண் இடுப்பில் கூடையோடு செடிகளுக்கு நடுவில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“மேல்கோர்ட்டுல கேஸு இன்னும் கெடக்குல்லங்க?”

“ஆமா.”

“சாட்சி சொன்னவளுக்குச் சர்க்கார் வக்கீல் மாடு வாங்கிக் குடுத்தாருன்னு தெரிஞ்சா, அந்தாளு வெளியே வந்துருவான்ல?”

எனக்கு அது தோன்றாமல் இல்லை. மலைப்பாதை முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் கேட்டபோதுதான், அவருடைய சாட்சியத்தையே கெடுக்கப் பார்த்தேன் என்று விளங்கியது. என் மனம் ஆறவேண்டும் என்பதற்காக.

“கேஸு முடிஞ்ச பெறகு...” என்று ஆரம்பித்தேன்.

“அப்பவும் வேணாங்க. கன்னு ஒண்ணு வளத்துக்கிட்டு வாரோம்.” கூடையை இறக்கி வைத்தார். “வெயில்ல நிக்கிறீங்களே, காப்பித்தண்ணி குடிக்கிறீங்களா?”

குடித்தேன். அவரும் கணவரும் பறிப்பு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இருந்ததற்காக அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஓய்வு பெறும்வரை அதே வேலையில் இருந்தேன். மேல்முறையீடு தள்ளுபடியானது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த வழக்கறிஞர்களுக்கு, ஒரே சாட்சியை வைத்து ஜெயித்த வழக்கு என்று இதன் காகிதக் கட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். மனுவை நான் ஏன் ஆட்சேபித்தேன் என்று ஓர் இளைஞர் மட்டும் ஒருமுறை கேட்டார். நீதிபதியிடம் சொன்ன அதே காரணத்தை அவரிடமும் சொன்னேன். நல்ல காரணம் சார் என்று எழுதிக்கொண்டார்.