மற்றக் கல்லூரியின் ஓட்டக்காரன்

என் அப்பா வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் பொல்லாதவர். மற்ற நாட்களில் லண்டனில் தோர்ண்டன் ஹீத் பக்கம் பஸ் ஓட்டுவார். ஏறுகிற சனம் காரணமில்லாமல் ஏசினாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அம்மா போட்ட தேத்தண்ணீரில் சீனி இல்லையென்றால் முழுவதையும் குடித்து முடித்துவிட்டுத்தான் அதைத் தெரியப்படுத்துவார். ஆனால் கோடையில், யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் கூடி உதைபந்தாட்டப் போட்டி வைக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தால், அவர் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் கல்லூரி அணியின் மனேஜர் அவர்தான். அன்றைக்கு அம்மாகூட அவரிடம் யோசித்துத்தான் கதைப்பா.

எங்கள் கல்லூரி என்று நான் சொல்வது அப்பா படித்த கல்லூரி. நான் அதை ஒருநாளும் கண்டதில்லை. அணியில் விளையாடிய பெடியன்களும் அநேகமாகக் கண்டதில்லை. அங்கே படித்த தகப்பன்மாருக்கு முழங்கால் போய்விட்டது, வயிறு வந்துவிட்டது. அதனால் சங்கங்கள் கூடி ஒரு சட்டம் போட்டிருந்தன. ஒரு கல்லூரிக்கு விளையாட வேண்டுமென்றால் நீ அங்கே படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் உன் அப்பா படித்திருக்க வேண்டும். இப்படித்தான் லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தாங்கள் படத்தில் மட்டும் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தின் மானத்துக்காகக் குரோய்டனுக்கு அப்பால் ஒரு கவுன்சில் மைதானத்தில் கால்களை முறித்துக்கொண்டார்கள்.

எங்களுக்குப் பரம எதிரி மற்றக் கல்லூரி. அதற்கும் ஒரு பெயர் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சொல்வதில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் அதிகம் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸ் என்ற இடத்தில் இருந்தார்கள். ஆகவே செவன் கிங்ஸ் என்பது ஏதோ கெட்ட இடம் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதாயிருந்த அந்த வருடம், மற்றக் கல்லூரி ஒரு புதுப் பெடியனை இறக்கியது. பதினோராம் நம்பர். பதினெட்டு வயது இருக்கும், மெலிந்த உடம்பு. பந்து காலில் பட்டால் போதும், பிறகு அவனை யாரும் பிடிக்க ஏலாது. கரையோரமாக ஓடுவான், திடீரென்று உள்ளே வெட்டுவான், மறித்தவன் புல்லில் இருந்துகொண்டு எந்தப் பக்கம் போனான் என்று தேடுவான். காலை ஆட்டத்தில் ஒரு அணியையும் மத்தியான ஆட்டத்தில் இன்னொரு அணியையும் அவன் தனியாகவே வீட்டுக்கு அனுப்பினான். எதிரிதான் என்றாலும், நான் எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் நின்று ஒளித்து ஒளித்துக் கைதட்டினேன். எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். எங்கள் கூடாரத்தில் கொத்துரொட்டி ஆறிப்போய்க் கிடந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அங்குமிங்கும் விசாரித்து ஒரு செய்தியோடு ஓடி வந்தார். பதினோராம் நம்பர் அவர்களுடைய செயலாளரின் மகன் இல்லையாம், மருமகனாம். அக்காவின் மகன். தாய்மாமன் அங்கே படித்தால் போதும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? அப்பாவின் முகம் மலர்ந்தது. பஸ்ஸில் அத்தனை வருடம் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் அன்றைக்கு நியாயம் கிடைத்தது போல எழும்பிப் போய், போட்டித் தலைவரிடம் முறைப்பாடு வைத்தார்.

தலைவர் மன்னாரைச் சேர்ந்த வயதான மனிதர். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை முடித்துக்கொண்டு நேரே மைதானத்துக்கு வந்திருப்பார். எந்தக் கல்லூரியோடும் ஒட்டில்லாதவர் என்பதற்காகவே அவரைத் தலைவராக வைத்திருந்தார்கள். அவர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கேட்டார். மற்றக் கல்லூரிச் செயலாளர் வியர்த்தார். அக்காவின் பிள்ளை என்றாலும் ஏழு வயதிலிருந்து தன் வீட்டில், தன் சோற்றில் வளர்ந்தவன், மகன் மாதிரித்தான் என்றார். மாதிரிக்கு இங்கே இடமில்லை என்றார் அப்பா. பெடியனுடைய தகப்பன் எந்தக் கல்லூரி என்று தலைவர் கேட்டார். அதைக் கேட்டதும் செயலாளர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

தலைவருக்கும் ஆட்டம் நடந்தால் போதும் என்றிருந்தது. அவர் பெடியனைப் பார்த்து, “தம்பி, கொலிஜ் பாட்டுத் தெரியுமோ?” என்று கேட்டார். தகப்பன் படித்த கல்லூரி என்றால் பாட்டாவது வீட்டில் கேட்டிருக்கும் என்பது அவருடைய கணக்கு. எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். உண்மையில் எங்கள் பெடியன்களில் ஒருவனுக்கும் பாட்டில் இரண்டு வரி தெரியாது. எனக்கே முதல் வரியோடு சரி.

“ஓம், தெரியும்,” என்றார் அந்தப் பதினோராம் நம்பர் அண்ணா.

செயலாளர் திகைத்துப் போய் மருமகனைப் பார்த்தார். அந்த அண்ணா திரும்பி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் மடக்குக் கதிரையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். அது அவருடைய அம்மா என்று யாரோ சொன்னார்கள். இப்படியான இடங்களுக்கு வராதவவாம். தான் விளையாடுவதைப் பார்க்க வரச்சொல்லி மகன் கெஞ்சிக் கேட்டதால் அன்றைக்குத்தான் முதல்முறை வந்தவவாம். இன்னும் சில நிமிடத்தில் மகன் ஆடுவானா, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவவோடு ரயில் ஏறுவானா என்பது இந்தப் பாட்டில்தான் இருந்தது.

அண்ணா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். நல்ல குரல். முதல் வரி முடிவதற்குள் நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரே வரி! அவர் பாடியது எங்கள் கல்லூரிப் பாட்டு.

எங்கள் கூடாரம் ஆர்ப்பரித்தது. மற்றக் கூடாரம் தலையில் கைவைத்தது. அண்ணாவுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்த கல்லூரிப் பாட்டு அது ஒன்றுதான். மாமன் எந்தக் கல்லூரிக்கு விளையாடக் கூப்பிட்டாரோ அதன் பாட்டும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். சனம் சிரிக்கச் சிரிக்க விடாமல் பாடினார். இரண்டாம் பகுதியில், கல்லூரியை நிறுவிய பெரியவரின் பெயர் வரவேண்டிய இடத்தில், விடுதிச் சமையல்காரரின் பெயரும் அவருடைய தண்ணீர்ச் சொதியும் வந்தன. இப்போது மற்றக் கூடாரமும் சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பெடியனுக்குக் கிட்டப் போனார்.

“இதை உமக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“அப்பா. சின்னனில என்னைக் குளிப்பாட்டேக்க பாடுவார்.”

அப்பா தகப்பனின் பெயரைக் கேட்டார். அண்ணா சொன்னார். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பதை அவர் முகத்தில் கண்டேன். அந்தச் சொதி வரியை விடுதியில் ஒரே அறையில் இருந்த நான்கு பேர்தான் கட்டினார்கள் என்றும், அந்த அறைக்கு வெளியே அதை யாரும் பாடியதில்லை என்றும் பிற்காலத்தில்தான் அப்பா எனக்குச் சொன்னார். அன்றைக்கு அவர் கேட்டது இன்னும் ஒரே ஒரு கேள்வி.

“அப்பா எங்க, தம்பி?”

“வருவார்,” என்றார் அண்ணா. தாய் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் சொன்னார். “வருவார் எண்டு அம்மா சொன்னவ.”

அப்போது ஊரில் யுத்தம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை; காணாமல் போனவர்களைச் சனம் தேடிக்கொண்டிருந்த காலம். பெரியவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்திருக்க வேண்டும், ஏனென்றால் சிரிப்பு சட்டென்று அடங்கிப் போனது. எனக்கோ அதில் விளங்காமல் போக ஒன்றுமே இருக்கவில்லை. வருவார் என்றால் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாதி ஓடாது என்பது லண்டனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்தைச் சொன்னார். தகப்பன் எங்கள் கல்லூரி என்றால் பெடியன் மற்றக் கல்லூரிக்கு விளையாடேலாது. விரும்பினால் எங்களுக்கு விளையாடலாம். என் மாமா அதற்குள் எங்கள் மேலதிகச் சட்டை ஒன்றைக் கொண்டு வந்து நீட்டிவிட்டார். அண்ணா அதைத் தொடவில்லை. “மாமாதான் என்னை வளர்த்தவர், அவருக்கு எதிராக விளையாடமாட்டன், ஏலாதெண்டால் நான் வெளியில நிக்கிறன்,” என்று மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையைக் கழற்றப் போனார்.

“கழட்டாதையும்,” என்றார் அப்பா. தலைவரிடம் திரும்பி, “எங்களுக்கு முறைப்பாடு ஒண்டும் இல்லை, ஐயா. பெடியன் விளையாடட்டும்,” என்றார்.

“அத்தான், உங்களுக்கென்ன விசரே?” என்று மாமா கத்தினார். எங்கள் கூடாரம் முழுவதும் அதையேதான் நினைத்தது. நானும் நினைத்தேன். கோப்பை கைக்கு வந்த நேரத்தில் யாராவது அதை எடுத்து எதிரியிடம் கொடுப்பார்களா? அப்பாவோ போய்ப் புல்லில் இருந்துவிட்டார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோற்றோம். பதினோராம் நம்பர் எங்கள் வலைக்குள் இரண்டு அடித்தார். இரண்டாவதை அடிக்க அவர் எங்கள் பாதி அணியை உழுதுகொண்டு வந்தபோது, எங்கள் மனேஜர் எழும்பி நின்று, “ஓடு! விடாத, ஓடு!” என்று கத்தியதை எங்கள் சங்கம் வெகுகாலம் மன்னிக்கவில்லை. அடுத்த வருடம் மனேஜர் பதவி என் மாமாவுக்குப் போனது.

நான் ஆட்டத்தை முழுவதும் பார்க்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. அந்த அண்ணாவின் அப்பா வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும் போலிருந்தது. சாப்பாடும் முடிந்துவிடும். அதனால் அம்மாவிடம் போய், அவருக்கு ஒரு ரோல்ஸ் எடுத்து வைக்கச் சொன்னேன். விற்பனை மேசையில் நின்ற அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. எதற்கென்றாலும் காசு கேட்கிற அம்மா, அன்றைக்குக் காசு கேட்காமல் இரண்டு ரோல்ஸைப் பைக்குள் போட்டுத் தந்து, கொண்டு போய் அந்த அன்ரியிடம் குடு என்றா.

அண்ணாவின் அம்மா இருந்த மடக்குக் கதிரையடிக்குக் கொண்டு போனேன். அந்த அன்ரி நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தா. நல்ல சேலை கட்டியிருந்தா. எல்லாரும் பந்தைப் பார்க்க அவவும் பார்த்தா, ஆனால் இடைக்கிடை தலை திரும்பியது. இது அங்கிளுக்கு, வந்தவுடன் குடுங்கோ என்று பையை நீட்டினேன். அவ என்னைக் கிட்ட இழுத்து, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா. நான் உடனே அடுத்த யோசனையைச் சொன்னேன்.

“அங்கிள் எப்பிடி இருப்பார் எண்டு சொல்லுங்கோ அன்ரி. நான் கேற்றடியைப் பாத்து நிக்கிறன்.”

“நல்ல உயரம், பிள்ளை,” என்றா. பிறகு சிரித்தா. “நடக்கத் தெரியாது அவருக்கு. எங்க போறதெண்டாலும் ஓட்டம்தான்.”

இது போதும் எனக்கு. உயரமான ஆள், அதுவும் ஓடி வருகிற ஆள். பிந்திவிட்டதால் எப்படியும் ஓடித்தானே வரவேண்டும். அவவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று மைதான வாசல் கேற்றைப் பார்த்தேன். பின்னால் கோப்பை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மேளம் அடித்தார்கள். அப்பா இரண்டு தரம் எங்களை நோக்கி வந்தார். இரண்டு தரமும் பாதி வழியில் நின்று திரும்பிப் போனார். ஏன் இவ்வளவு வெட்கப்படுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கார் நிறுத்தியிருந்த பக்கத்திலிருந்து யாராவது வரும்போதெல்லாம் நான் அன்ரியின் கையைத் தட்டி, இவரோ என்று கேட்டேன். ஒவ்வொரு தரமும் அவ கண்ணுக்கு மேலே கையை வைத்து, அந்த ஆள் கிட்ட வரும்வரை பார்த்துவிட்டு, இல்லை, பிள்ளை என்றா. ஒருதரம்கூட என்னைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை. பொழுதுபட்டது. கூடாரங்களைக் கழற்றினார்கள். எனக்குக் கால் வலித்தது, அலுப்பும் வந்துவிட்டது. நான் பார்க்க மறந்த நேரங்களிலும் அவ கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தா. எவ்வளவு நல்ல அன்ரி, ஒரு சின்னப் பிள்ளையின் விளையாட்டுக்கு இவ்வளவு நேரம் ஒத்தாசையாக இருக்கிறாவே என்று நான் நினைத்துக்கொண்டேன்.