வளைவிலிருந்து விழுந்த எழுத்து

2019 ஆகஸ்ட் பன்னிரண்டு, திங்கட்கிழமை காலையில் தென்னரசு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து போய்விட்டான். இடது கண்ணில் கட்டு, வலது கையில் மாவுக்கட்டு. இட்லி வாங்கப் போன அக்கா செண்பகம் திரும்பி வந்தபோது கட்டிலில் போர்வை மட்டும் கிடந்தது. அவனுக்கு இருபத்தைந்து வயது. பாண்டுரங்கன் என்பவரின் சாவுக்கு அவன்தான் காரணம் என்று அதற்குள் வழக்குப் பதிவாகியிருந்தது.

செண்பகம் எங்களுக்கு அடுத்த தெரு. பதினேழு வயதிலிருந்து சித்தாள் வேலை. ஏழு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, பஸ் ஊர் எல்லையில் நிற்கும் வரவேற்பு வளைவுக்கு அடியில் நுழைந்த பிறகுதான் திண்டிவனம் வந்த மாதிரி இருந்தது. அதில் வேலை செய்தவள் என்பதால் அதன் கதையைக் கேட்கத்தான் அவளிடம் போனேன்.

"ரத்தம் குடிச்ச வளைவும்மா அது. ஒக்காரு" என்றாள்.

முதலில் அங்கே ஒரு மஞ்சள் பலகைதான் இருந்ததாம். பிறகு சிமெண்ட் வளைவு வந்தது. சாலையை அகலப்படுத்தியபோது அதை இடித்தார்கள். அந்த இடிபாட்டையும் இவள்தான் சுமந்தாள். இப்போது நிற்பது மூன்றாவது, இரும்பு வளைவு. மேஸ்திரி கிருஷ்ணசாமி. வெல்டர் இவள் தம்பி தென்னரசு. ஊர்ப்பெயரின் ஆறு எழுத்தும் ஆள் உயரத்தில் பாதி, கனத்த தகடு.

வளைவைத் தரையில் படுக்கவைத்து, எழுத்துகளைச் சட்டத்தில் முதலில் இரண்டு மூன்று புள்ளியில் மட்டும் பற்றவைப்பார்கள். முழு வெல்டிங் பிறகுதான். அது வரைக்கும் பாக்கி இருக்கிற எழுத்தின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு வைப்பது வழக்கம். குறி இருந்தால் யாரும் தூக்க மாட்டார்கள். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் நான்கு எழுத்து முடிந்திருந்தது. முதல் எழுத்திலும் கடைசி எழுத்திலும் குறி இருந்தது.

அமாவாசை அன்று கட்டட வேலைக்கு லீவு. அதற்கு முந்தின நாள் மாலை மிஷினையும் சாமான்களையும் கழுவிப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கலைவார்கள். கழுவுவது சித்தாள் வேலை. செண்பகம் மிஷினைத் துடைத்தாள், ஏணியைக் கழுவினாள், தரையில் படுத்திருந்த ஆறு எழுத்தின் மேலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் துணியால் தேய்த்தாள். குறிகள் போய்விட்டன. அது அவள் மனதில் உறைக்கவே இல்லை.

மறுநாள் அக்காவும் தம்பியும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். லீவு நாளில் கிரேன் சும்மா நிற்பதாகக் கேள்விப்பட்ட கிருஷ்ணசாமி வளைவைத் தூக்கி நிறுத்திவிட்டார். குறி ஏதும் இல்லையே, வேலை முடிந்தது என்றே நினைத்தார்.

வியாழக்கிழமை காலை செஞ்சி பஸ்ஸில் திரும்பினார்கள். தூரத்திலேயே வளைவு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தென்னரசு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தான்.

"யார்றா தூக்குனது? கீழ நிக்காதீங்க! நகருங்க!"

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த பாண்டுரங்கன் புது வளைவுக்கு அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். முதல் எழுத்து, கூர்முனை கீழாக, அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. அவர் கத்தக்கூட இல்லை. வெள்ளைச் சட்டை மொத்தமும் ஒரே நொடியில் சிவந்தது.

"இவன்தான்டா வெல்டரு!" என்று யாரோ ஒருவன் சொன்னான்.

சாரத்துக்கு வைத்திருந்த சவுக்குக் கட்டைகளை உருவிக்கொண்டு வந்தார்கள். முதல் அடி முழங்காலில். விழுந்தவன் தலையைக் கையால் மூடினான். அந்தக் கையை உடைத்தார்கள். "காலனிப் பையன்கிட்ட வேலைய உட்டா இப்டித்தான் கொல விழும்" என்று ஒருவன் சொல்லிச் சொல்லி மிதித்தான். இன்னொருவன் கம்பியால் கண்ணில் குத்தினான். கோயிலில் வைத்த குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

பத்தடி தூரத்தில் செண்பகம் நின்றிருந்தாள். கீழே கிடந்த எழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. நான்தான் கழுவினேன் என்று சொன்னால் அடி அவள் பக்கம் திரும்பும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் கண்ணு போயிருக்காதும்மா."

தம்பி காணாமல் போன மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். "தம்பிய காப்பாத்த அக்கா ஜெயிலுக்குப் போறியா? போம்மா, சினிமா காட்டாத." மூன்று முறை போனாள். மூன்று முறையும் அவளைப் பாசக்காரி என்றுதான் சொன்னார்கள்.

கடைசியில் கிருஷ்ணசாமியைத் தேடிப் போனாள். "மேஸ்திரி, சாக்பீஸுல கோடு போடற வழக்கம் உண்டுன்னு மட்டும் வந்து சொல்லுங்க. அழிச்சது நானுன்னு நான் சொல்லிக்கறேன்."

"சொன்னா, அவன ஒரு வார்த்த கேக்காம ஏன்டா தூக்குனேன்னு போலீசு என்னையில்ல புடிக்கும்? ஓடிப் போனவன் போனதாவே இருக்கட்டும். நீ வேலையப் பாரு."

அவள் கையில் சிமெண்ட் சட்டி இருந்தது. அதன் விளிம்பால் அவர் மண்டையில் அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள். நான்கு பேர் சேர்ந்து இழுத்ததில் அவள் தோள்பட்டை நழுவியது. அவருக்குப் பதினாறு தையல், அவளுக்கு நாற்பது நாள் ஜெயில். இந்த ஒரு குற்றத்தைத்தான் அவள் செய்ததாக ஊர் நம்பியது.

விழுந்த எழுத்தைக் கழுவி மறுபடி வைத்துப் பற்றவைத்தார்கள். கல்யாண ஜோடிகள் இப்போதும் அங்கே போட்டோ எடுக்கிறார்கள். செண்பகம் அந்தப் பக்கம் வேலைக்குப் போவதில்லை.

போன மாதம் அவள் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. என்னிடம் கொண்டுவந்து மறுபடி மறுபடி போடச் சொன்னாள்.

"அக்கா, நான்தான். ஸ்டேஷன்ல நீ போய் சொன்னத இப்பதான் கேள்விப்பட்டேன். நீ தண்ணி ஊத்தறப்ப நான் எதிர்க்க டீ குடிச்சிக்கினு பாத்துக்கினுதான் இருந்தேன். கோடு அழியறது தெரிஞ்சிது. சாக்பீஸு பாக்கெட்டுலயே இருந்திச்சி. நாளைக்கு லீவு, எவன் தூக்கப்போறான்னு உட்டுட்டேன். வெள்ளிக்கெழம கோர்ட்டுல சரணடைய வர்றேன். நீ வராத. வந்தா அங்கயும் நான்தான் கழுவுனேன்னு கத்துவ."