எடைமாஸ்டர் ஆல்ம் கவிஞரான வருஷம்

சிக்ஸ்டன் ஆல்ம் என்ற மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஊர் தன்னைக் "கவிஞர்" என்று கூப்பிட வேண்டும். வேறு நாட்டில் பிறந்திருந்தால் நாலு பேருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துக் காரியத்தை முடித்திருக்கலாம். எங்கள் ஸ்வீடனில், அதுவும் அந்தக் காலத்தில், அது நடக்கிற காரியமா?

இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஒருவரை "நீ" என்று கூப்பிட்டால் அதிகப்பிரசங்கி. "நீங்கள்" என்றால் அதைவிட மோசம். பட்டம் இல்லாத ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆகவே எதிரிலேயே உட்கார்ந்து கேக் தின்கிறவரிடம், "மருந்துக்கடைக்காரர் இன்னொரு துண்டு எடுத்துக்குவாரா?" என்று வேறு யாரையோ விசாரிப்பதுபோல் கேட்க வேண்டும். புருஷன் பட்டம் பெண்டாட்டிக்கும் உண்டு: டாக்டரம்மா, ஸ்டேஷன் மாஸ்டரம்மா. எனக்குப் புருஷன் இல்லை, பேக்கரி இருந்தது. அதனால் நான் பேக்கரியம்மா. தொலைபேசிப் புத்தகத்தில்கூடப் பெயருக்குப் பக்கத்தில் பட்டத்தை அச்சடித்தார்கள்.

ஆல்முக்குச் சர்க்கரை ஆலை வாசலில் வேலை. இலையுதிர் காலத்தில் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் கிழங்கு ஏற்றி வரும் வண்டிகளை எடைமேடையில் நிறுத்திச் சீட்டு எழுதிக் கொடுப்பார். எனவே அவர் எடைமாஸ்டர். அவர் மனைவி குர்லி, எடைமாஸ்டரம்மா. குர்லி என்னோடு பள்ளியில் படித்தவள். அவளிடம் மட்டும் எனக்கு "நீ"தான். அந்தப் பட்டத்தின்மேல் அவளுக்கு உயிர். காப்பி விருந்துகளில் அது அவளை ஆலை ஃபோர்மேன் மனைவிக்கு ஒரு நாற்காலி மேலே உட்கார வைத்தது.

வண்டி வராத மாதங்களில் ஆல்ம் கவிதை எழுதினார். சாதாரணக் கவிதை இல்லை, நவீனக் கவிதை. எதுகை இல்லை, மோனை இல்லை, முற்றுப்புள்ளிகூடப் பாதி இடத்தில்தான் இருக்கும். முதல் புத்தகத்தின் பெயர் "ஈரமான எண்கள்". நானும் ஒன்று வாங்கினேன். பன்னை அடுப்பில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன்; படித்து முடித்தபோது பன் வேகவே இல்லை. புரியாமல் திரும்பப் படித்தேன், பன் கருகிவிட்டது.

ஊருக்கும் கவிதை தேவைப்பட்டது, ஆனால் வேறு மாதிரி. கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலத்தின் மேல் நாலு வரி எழுதி ஒட்டுவது எங்கள் வழக்கம். உள்ளே இருப்பது என்ன என்று பாட்டு லேசாகக் கோடி காட்ட வேண்டும். ஒரு டிசம்பரில் மருந்துக்கடையம்மா அவரைத் தேடிப் போனாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கையுறை வாங்கியிருக்கேன். எடைமாஸ்டர் நாலு வரி எழுதித் தருவாரா? சந்தம் இருந்தா போதும், சிரிப்பும் வந்தா நல்லது."

ஆல்ம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் எழுதிக் கொடுத்தார்:

கம்பளி.
பனி.
போன ஐந்து விரல்கள்
திரும்பவில்லை

குடும்பமே கூடியிருந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் இதைச் சத்தமாக வாசித்தார். அவருடைய மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "யாரு செத்தது? என்கிட்ட ஏன் மறைக்கிறீங்க?" என்று அழ ஆரம்பித்துவிட்டாளாம். அதற்கப்புறம் ஊரில் யாரும் அவரிடம் கவிதை கேட்கவில்லை.

ஊர் கைவிட்டதும் ஆல்ம் அரசாங்கத்தை நம்பினார். வருஷத்துக்கு ஒருமுறை தொலைபேசி இலாகாவிலிருந்து அட்டை வரும்: பெயர், விலாசம், பட்டம் எதிலும் மாற்றம் உண்டா? அவர் எடைச்சீட்டு எழுதும் பென்சிலாலேயே "கவிஞர்" என்று எழுதிக் குர்லியிடம் கொடுப்பார், தபாலில் போடச் சொல்லி. குர்லி நேரே என் பேக்கரிக்கு வந்து மூலை மேஜையில் உட்காருவாள். காப்பி வரும். கைப்பையிலிருந்து ரப்பர் வரும்.

"அழிக்காதேடி, பாவம்டி" என்றேன் முதல் வருஷம்.

"உனக்கென்ன, சொல்லிடுவே. நாளைக்கு என்னைக் கவிஞரம்மான்னு கூப்பிடுவாங்க. எந்த நாற்காலியில உட்கார வைப்பாங்க, சொல்லு? டாக்டரம்மாவுக்குக் கீழேன்னா எத்தனை பேருக்குக் கீழே? யாருக்கும் தெரியாது. வாசல்லயே நிக்க வெச்சுடுவாங்க."

அவள் அழித்துவிட்டு "எடைமாஸ்டர்" என்று எழுதினாள். இப்படிப் பதினோரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் புதுப் புத்தகம் வந்ததும் ஆல்ம் தன் பெயரைத் தேடிப் பார்ப்பார். பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார். ஒருமுறைகூட இலாகாவுக்கு ஃபோன் போட்டு ஏன் என்று கேட்கவில்லை. அரசாங்கத்தைத் தொந்தரவு செய்ய எங்கள் ஆட்களுக்கு வாய் வராது.

வாய் வராத கோபம் பென்சிலுக்கு வந்தது. "மறுப்பு" என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். முகமில்லாத ஒரு கை, மனிதன் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை அழித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம், அறுபத்து நாலு பக்கம். அதற்குப் போய் ஸ்டாக்ஹோமில் பரிசு கொடுத்துவிட்டார்கள். பிரபஞ்சத்தின் மௌனத்தை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியதில்லை என்று பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது.

குர்லி அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தேக்லா, பிரபஞ்சம் நான்தான்டி!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அழுதாள். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "வாயைத் தொறக்காதே. சொன்னா அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே நல்ல புஸ்தகமும் போயிடும். இந்த வருஷ அட்டையை அப்படியே போடு, போதும்."

போட்டாள். அறுபத்தேழாம் வருஷக் கோடையில் புதுத் தொலைபேசிப் புத்தகம் வந்தது. ஆல்ம், சிக்ஸ்டன், கவிஞர். அவர் அன்று காலை என் கடைக்கு வந்து, ஏழு வகை பிஸ்கட்டும் ஒரு பெரிய கேக்கும் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை விருந்து. ஊர் முழுக்க வீட்டுக்கு வந்து, காப்பிக் கோப்பையை நீட்டி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் போகிறது.

அந்த வாரம் பார்த்தா அது நடக்க வேண்டும்? தலைநகரில் ஒரு பெரிய அதிகாரி, தன் அலுவலகத்தில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போவதாகவும் தன்னையும் அப்படியே கூப்பிடலாம் என்றும் அறிவித்துவிட்டார். அங்கங்கே புகைந்துகொண்டிருந்த ஆசைதான், நாடே பற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆல்ம் கறுப்புக் கோட்டுப் போட்டு வாசலில் நின்றார். முன்னறை மேஜையில் தொலைபேசிப் புத்தகம் தற்செயலாகத் திறந்து கிடப்பதுபோல் கிடந்தது. முதலில் வந்தவர் ஆலையின் புது மேலாளர்.

"சிக்ஸ்டன்! நான் ரூனே! இனிமே நமக்குள்ள பட்டமும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், நீ-நான்தான்!"

பின்னாலேயே மருந்துக்கடைக்காரர். இருபது வருஷமாக விறைத்து நின்ற மனிதர், பள்ளி விட்ட பையன் மாதிரி துள்ளினார். "சிக்ஸ்டன், நீ எப்படி இருக்கே? அடடா, சொல்றதுக்கு எவ்வளவு நல்லா இருக்கு! நீ, நீ, நீ!"

வந்த இருபத்திரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. ஆல்ம் ஒருமுறை தொண்டையைச் செருமி, "புதுத் தொலைபேசிப் புத்தகம் பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்தார். "அந்தப் பட்டத்தையெல்லாம் சீக்கிரம் தூக்கிடுவாங்க, பாரேன்!" என்றார் ரூனே, அவர் முதுகில் தட்டி.

நான் சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆல்ம் உள்ளே வந்து, ஜன்னலோர நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்தார். அவர் எழுத்தை நான் ஒருநாளும் ரசித்ததில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை வெட்டி அவர் பக்கம் நகர்த்தினேன். பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கிய பட்டம். ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.

குர்லி காப்பிப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். முன்னறையில் ஃபோர்மேன் மனைவி குர்லியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, "குர்லி, சர்க்கரை எங்கேடி வெச்சிருக்கே?" என்று கத்திக்கொண்டிருந்தாள். குர்லி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் புருஷனை "நீ" தவிர வேறு மாதிரி கூப்பிட்டறியாதவள், அவர் முன்னால் நிமிர்ந்து நின்று, விருந்துக்கு வந்த பெரிய மனிதரிடம் கேட்பதுபோல் கேட்டாள்:

"கவிஞர் ஒரு கப் காப்பி குடிப்பாரா?"

ஆல்ம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மெல்ல எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து வணங்கினார்.

"கவிஞரம்மா ஊத்தினா குடிப்பார்."

அவள் முகம் சிவந்து போயிற்று. ஊற்றினாள். அன்று அவர் மூன்று கப் குடித்தார். மூன்று தடவையும் அவள் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ஊற்றினாள்.