கேட்கக் கூடாது என்று போதித்த நான் கேட்டேன்

அம்மையை நம்பும் எல்லோருக்கும் வணக்கம். நான் காவி உடுத்தியவன். சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்து மாணவர்களுக்கு ஆன்மிகத் துணையாக இருக்கிறேன். தேர்வு பயம், காதல் தோல்வி, வீட்டுச் சண்டை என்று எதைக் கொண்டுவந்தாலும் உட்கார்ந்து கேட்பது என் வேலை. கடவுளிடம் எதையும் கேட்காதீர்கள், வருவதை ஏற்கப் பழகுங்கள் என்றுதான் பல வருடங்களாகச் சொல்லி வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன தைப்பூசம் முடிந்த வாரம் யாழினி மயங்கி விழுந்துவிட்டாள். கணிதம் படிக்கிற பெண். நான் நடத்தும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்னோடு வாதாடாமல் போக மாட்டாள். காய்ச்சல்தான் என்று நினைத்தார்கள். மூளையில் வீக்கம் என்று தெரிந்தது. நான் மருத்துவமனைக்குப் போனபோது நினைவில்லாமல் குழாய்களுக்கு நடுவே கிடந்தாள். எதற்கும் தயாராக இருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அவள் அம்மா பரமேஸ்வரி சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். கணவர் இல்லை. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வார்டு வாசலில் நின்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"எது நடந்தாலும் தாங்குற பலத்தை அம்பாள் குடுப்பாம்மா."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "எனக்குப் பலம் வேணாம் சாமி. பிள்ளைதான் வேணும். அவ எழுந்திரிக்கணும்னு கேளுங்க. முடியாதுன்னா வீட்டுக்குப் போங்க."

அங்கிருந்து நேராக லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலை அம்மன் கோயிலில் உச்சிக்கால பூஜை நடந்துகொண்டிருந்தது. துறவு பூண்டபின் யாருக்காகவும் நான் அர்ச்சனை செய்ததில்லை. அர்ச்சகருக்கே ஆச்சரியம்.

"யார் பேருக்கு சாமி?"

"யாழினி. நட்சத்திரம் தெரியாது. அம்பாளுக்குத் தெரியும்."

தீபம் காட்டும்போது நான் கும்பிடவில்லை. சண்டை போட்டேன். வீட்டை விட்டேன், பெயரை விட்டேன், உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன், கொடு. கொடுக்கிறவரைக்கும் வருவேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். என் வேதாந்த வகுப்புக்கு வரும் அன்பர் ஒருவர் பிராகாரத்தில் என்னை மறித்தார்.

"சாமி, நீங்களே இப்படிப் பேரம் பேசலாமா? எல்லாம் அவங்கவங்க கர்மா இல்லையா?"

"அதை அந்த அம்மா முகத்தைப் பாத்துச் சொல்லுவீங்களா?"

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார், ஆனால் நகரவில்லை.

"அப்போ எங்கிட்டயும் சொல்லாதீங்க. வழி விடுங்க, நடை சாத்திடுவாங்க."

அடுத்த வாரம் ஒரு மதியம், கோயிலைவிட்டு வெளியே வந்தபோது பரமேஸ்வரி போன் செய்தார். "சாமி! என் கையப் புடிச்சு அழுத்துறா. பேர் சொல்லிக் கூப்பிட்டா கண்ணத் தொறக்குறா!"

பூக்கடை முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன். காவி கட்டியவன் அழுவதை நாலு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

யாழினி மறுபடியும் நடக்கப் பழக மாதங்கள் ஆயின. இன்னும் கைத்தடி தேவைப்படுகிறது. வகுப்புக்குத் திரும்பிவிட்டாள், வாதத்துக்கும். "மருந்துதான் சாமி வேலை செஞ்சது" என்கிறாள். அந்த மருந்து வேலை செய்ய வேண்டும் என்றுதானே நான் அம்பாளிடம் கேட்டேன்?

கேட்டும் கிடைக்காத வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். ஆனால் அதற்காகக் கேட்பதை நிறுத்தப்போவதில்லை. துறவிக்கு ஆசை கூடாது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் தாய் எனக்குக் கொடுத்ததை யாருக்காகவும் நான் மறைக்க மாட்டேன்.

இப்போது என் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கடவுளிடம் கேட்காதீர்கள் என்று சொல்வதில்லை. உங்களுக்கும் எதையாவது கேட்டே ஆகவேண்டும் என்றிருந்தால் வெட்கப்படாதீர்கள். போய் அம்பாள் முன்னால் நில்லுங்கள். குரல் உயர்ந்தாலும் பரவாயில்லை. அவள் நம் அம்மா, தாங்கிக்கொள்வாள்.