கடமலைக்குண்டில் ஒரு சிவப்புக் கிடா

காலை ஆறு மணிக்குத் தேனி அல்லிநகரம் டீக்கடையில்தான் வர்க்கீஸைப் பார்த்தேன். குமுளியில் பன்றிக்கறிக் கடை வைத்திருப்பவர். கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு பண்ணையில் பன்றி ஏற்றப் போகிறார், பன்றியைக் கால் பிடித்துத் தூக்க ஆள் இல்லை. சாப்பாடும், திரும்பத் தேனி வரை வண்டியும் என்று பேச்சு. ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டில் கொசுக்கடியில் கிடந்தவனுக்கு அதுவே பெரிது. ஏறிக்கொண்டேன்.

க.விலக்கில் தெற்கே திரும்பி, கண்டமனூர் தாண்டி, ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் பேச்சு ஒன்றுதான்: கொழுப்பு தோலுக்கடியில் கிடந்தால் பிரயோசனமில்லை, கறிக்குள் ஓட வேண்டும், அது தீனியால் மட்டும் வராது, இனத்திலேயே இருக்க வேண்டும். என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டால் மட்டும் மலையாளத்துக்குப் போய்விடுவார்.

பண்ணைக்காரி செல்வராணி கோபத்தில் இருந்தார். கறி நன்றாக வரும் என்று டியூராக் என்கிற சீமை இனத்தில் ஒரு சிவப்புப் பன்றிக் கிடாவை வாங்கி, தன் வெள்ளைப் பன்றிகளோடு சேர்த்திருந்தார். குட்டிகள் எல்லாம் வெள்ளை. வளர வளரச் சிவக்கும் என்று காத்திருந்தார். விற்கிற எடைக்கு வந்தும் வெள்ளைதான். பட்டியைப் பார்க்கும் மாரியப்பன், பக்கத்துப் பண்ணையின் வெள்ளைக் கிடாவை உள்ளே விட்டுவிட்டான் என்பது அவர் முடிவு. இன்று கிடாவையும் விற்க வேண்டும், மாரியப்பனையும் அனுப்ப வேண்டும். அவனுடைய துணிப்பை வேலியில் தயாராகத் தொங்கியது.

"வேற கிடா எதுவும் வரலக்கா. நா அங்கனதான படுத்திருந்தேன்."

"ஏலே, நீ படுத்திருந்த. அதான் அது வந்துட்டுப் போயிருக்கு."

வர்க்கீஸ் சிரித்தார். "நிறமே சொல்லுதே. கிடாக்கறி நாறும், பாதி விலைதான். போனாப் போகுது, ஏத்திக்கிறேன்."

கறிக்கு வாங்குகிறவர், இனவிருத்திக்கு வாங்குகிறவரைப் போலக் கிடாவின் விரையை எதற்குக் குனிந்து குனிந்து பார்க்க வேண்டும்? எனக்கு அப்போதே உறுத்தியது.

வர்க்கீஸ் எந்தப் பண்ணையிலும் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை ஏற்றுவாராம். ஒரு வெள்ளைப் பன்றியை அறுத்தோம். முதுகுக் கறியைக் குறுக்கே வெட்டியவர், சட்டென்று பேச்சை நிறுத்தி வாழை இலையை எடுத்து மூடினார்.

"கொள்ளாம், பரவாயில்ல, சாதாரணக் கறிதான். கிடாவ ஏத்து," என்றார் என்னிடம். நான் நகரவில்லை. செல்வராணியும் கவனித்துவிட்டார்.

"என்ன சேட்டா, செத்த பன்னிக்கு வெக்கமா? எதுக்கு மூடுறீக?"

செல்வராணியே இலையைத் தூக்கினார். சிவந்த கறிக்குள் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு நூலோட்டம்.

"போன தடவ, கொழுப்பெல்லாம் தோலோட நிக்குது, உள்ள வறட்டுக்கறின்னு சொன்னீகளே. அதே பட்டி, அதே தாய், அதே தீனி. பக்கத்துப் பண்ணைக் கறியும் வறட்டுன்னுதான சொன்னீக. மாறுனது அப்பன் மட்டுந்தான?"

வர்க்கீஸ் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிடா வண்டி ஏறவில்லை. மற்ற பன்றிகளையும் பழைய விலைக்குத் தர செல்வராணி ஒத்துக்கொள்ளவில்லை; கூட்டிக் கொடுத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மாரியப்பன் வேலியிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போனான். "எதுக்கும் பக்கத்து வேலிய நல்லாக் கட்டு" என்று செல்வராணி பின்னாலேயே குரல் கொடுத்தார்.

சிவப்புக் கிடாவுக்கு எப்படி வெள்ளைக் குட்டி என்று திரும்பும்போது கேட்டேன். வர்க்கீஸ் ரோட்டைப் பார்த்தே பதில் சொன்னார்: "வெள்ளைத் தாய்க்குப் பிறந்தா சிவப்ப அந்த வெள்ளை மூடிடும். பேரக்குட்டில சிவப்பு வெளிய வரலாம். கறிக்குள்ள உள்ள கொழுப்புக்கு நிறத்தோட சம்பந்தமில்ல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எனக்கு இது கச்சவடம், யாவாரம். பள்ளிக்கூடமல்ல."

கண்டமனூரில் வண்டியை நிறுத்தி, இறங்கச் சொன்னார். சாப்பாடும் இல்லை. வெயிலில் க.விலக்கை நோக்கி நடந்தேன். நடப்பது எனக்குப் புதிதல்ல.

எங்கள் ஊரில் அப்பா, அம்மா இருவரும் நல்ல கறுப்பு. நான் வெளுப்பு. அதை வைத்துச் சந்தேகப்பட்டு, அப்பா அம்மாவிடம் கேட்ட கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வளர்ந்து, எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். என் நடையும் முன்கோபமும் அப்படியே அப்பாவுடையவை என்று வெளியூரில் பார்த்த உறவினர்கள் பிறகு சொன்னார்கள். கடமலைக்குண்டில் ஒரு பன்றிக்காக இலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் நிறத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.